திரும்பும் வழிக்கு வைத்த கதை

என் ஆசை அண்ணனுக்கு,

புரட்டாசி பிறந்துவிட்டது. மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் மஞ்சள் துணி காய்கிறது. நம் கம்பெனி ஆட்கள் திருப்பதிக்கு நடக்கக் கிளம்புகிறார்கள். போன வருஷம் துக்க வீடு, மலையேறக் கூடாது என்றார்கள். இந்த வருஷம் போகிறேன். அம்மா மட்டும் காலண்டர் பெருமாளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அவரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு, நடக்கிற வழிக்கென்று நீ தொடங்கிவைத்த கதை விளையாட்டை நான்தான் விளக்க வேண்டுமாம். தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவன் நீ. அசெம்பிளியில் ஸ்க்ரூ முடுக்குகிறவள் நான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒத்திகை பார்த்தேன், கேள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு கவிஞர். ஒயின் வியாபாரி வீட்டுப் பிள்ளை, சுங்க ஆபீசில் உத்தியோகம். பெரிய மனிதர்கள் பிரெஞ்சிலும் லத்தீனிலும் எழுதிக்கொண்டிருக்க, இவர் சந்தையில் புழங்கிய இங்கிலீஷில் எழுதினார். ஒரு புனிதரின் சமாதிக்குப் போகும் யாத்ரீகர்கள் சத்திரத்தில் சந்திக்கிறார்கள். வழி அலுக்காமலிருக்க ஆளாளுக்குக் கதை சொல்ல வேண்டும், போகும்போதும் வரும்போதும். நன்றாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து. போர்வீரன், மாவு மில்காரன், கன்னியாஸ்திரி, ஐந்து கல்யாணம் கட்டியவள், எல்லாரும் ஒரே கூட்டம். சரியா அண்ணா?

முந்தின வருஷம் நாம் நடந்தபோது, கிருஷ்ணகிரி தாண்டியதும் கேன்டீன் சிக்கண்ணா கன்னடத்தில் பச்சையாக ஒரு கதையை எடுத்துவிட்டார். கூட வேலை செய்யும் முனியம்மாக்கா காதைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். அப்புறம் தெலுங்கில் அதைவிடப் பச்சையாக ஒன்று சொன்னாள். கோவிந்தா போடுகிற வாயில் இதெல்லாமா என்று சூப்பர்வைசர் முறைத்தார். அந்தப் புத்தகத்திலும் சாமி கதையும் சாக்கடைக் கதையும் கலந்துதான் கிடக்கிறது என்று அவரை அடக்கினாய்.

உன் முறை வந்தது. "என்னுது திரும்பி வரப்போ" என்றாய். நடந்து போகிறவர்கள் பஸ்ஸில்தானே திரும்புவோம்? புத்தக நினைப்பில் அதைக்கூட மறந்துவிட்டாய். பஸ்ஸில் மொட்டைத் தலைகள் எல்லாம் குறட்டை விட்டன. உன் தோளில் சாய்ந்து நானும் தூங்கிப்போனேன். கண் விழித்தால் ஓசூர்.

"விடு, அடுத்த வருசம் சொல்லிக்கலாம்" என்றாய்.

தை மாதம், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த உன்னைப் பெங்களூர் ரோட்டில் லாரி அடித்துப்போட்டது. அந்தக் கவிஞரும் புத்தகத்தை முடிக்காமல் பாதியில் செத்துப்போனார், அதனால் அவர் கதைக் கூட்டத்தில் ஒருத்தரும் வீடு திரும்பவில்லை என்று நீதானே சொன்னாய்? அதை ஏன் சிரித்துக்கொண்டே சொன்னாய்?

என்ன கதை அண்ணா அது? யாருடையது? நம் வீட்டுக் கதையா? அடுப்படியில் நிற்கும்போதுகூட இதுதான் ஓடுகிறது.

நேற்று சிக்கண்ணா வந்தார். உன் முறையை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அண்ணன் முறைய யாருக்கும் குடுக்காதீங்க" என்றேன். பாவம், காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். மலையில் கும்பிட்டுவிட்டு நான் பஸ் ஏறப்போவதில்லை. நடந்தே திரும்புவேன். பைத்தியமா உனக்கு என்று அம்மா திட்டுகிறாள். முனியம்மாக்கா துணைக்கு வருகிறாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டேன்.

திருப்பதியிலிருந்து ஓசூர் வரைக்கும் உன் முறை அண்ணா. இந்தத் தடவை தூங்கமாட்டேன்.

கேட்டுக்கொண்டே வரப்போகிற
உன் தங்கச்சி
செல்வி