பதினான்காம் படிவம்

பிப்ரவரி 3

இன்று நான்கு வீடு. டாக்காவில் எங்கள் குடிசைப் பஸ்தியில் பெண்பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று நாங்களே, பதினேழு வயதுக்காரிகள், கேட்டு எழுதும் ஆராய்ச்சி. கழுத்தில் ஆராய்ச்சி அட்டை தொங்கினால் அம்மாகூட மரியாதையாகப் பேசுகிறாள். கேள்விக்கு முன் வாசித்துக்காட்ட வேண்டிய படிவத்தில் கடைசி வரி மட்டும் தொல்லை: "உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்வோம்." அதை வாசித்தால் யாரும் வாயே திறக்கமாட்டார்கள். அதனால் நாங்கள் ஒருத்தியும் வாசிப்பதில்லை.

பிப்ரவரி 9

பதினான்காம் படிவம் – மொயூரி! ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவளிடம் வயது கேட்கச் சிரிப்பு வந்தது. "பதினஞ்சு, எழுதிக்குங்க ஆபா" என்று என்னைப் பெரிய அக்காவாக்கி நக்கலடித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"நான் சொல்றது வெளிய போகாதா?"

"போகாதுடி."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழம எனக்கு நிக்காஹ். டோங்கி ஊர்ல. அந்தாளுக்கு முப்பது வயசு." என் அட்டையைப் பார்த்து, "நீ யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல?" என்றாள்.

"சத்தியமா மாட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 11

எங்கள் பொறுப்பாளர் ஃபர்சானா ஆபா, "அவசரமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். பதினான்கைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு, இல்லை என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. பின்னே என்ன செய்ய? சொல்லித் தொலைக்கட்டுமா?

பிப்ரவரி 20, வெள்ளி

முடிந்துவிட்டது. மொயூரியின் அம்மா என் தட்டில் கோழி ரோஸ்ட் வைத்தாள். தின்றேன். சீ.

மார்ச் 2

ஃபர்சானா ஆபா படிவத்தைப் பார்த்துவிட்டாள். "பதினோரு நாள் இருந்துச்சே ஷெஃபாலி. ஒரு போன் பண்ணியிருந்தா நிக்காஹ நிறுத்தியிருக்கலாம்டி." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14

இரண்டாம் சுற்று. பதினான்கை நானே கேட்டு வாங்கிக்கொண்டு டோங்கி போனேன். மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மொயூரிக்கு ஐந்து மாதம். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

படிவத்தைக் கடைசி வரிவரை வாசித்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"இந்த வரி போன தடவ இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சு."

"நீ யார்கிட்டயாவது சொல்லுவேன்னுதான்டி உன்கிட்ட சொன்னேன்."

பேனா கையிலேயே இருந்தது. வெளியே மாமியாரின் குடம் மோதும் சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"கேளுங்க ஆபா" என்றாள். இந்தத் தடவை நக்கல் இல்லை.