குறுக்கே வெட்டிய நாடா

அன்புள்ள கணக்கு வாத்தியாருக்கு,

நானும் மகளும் நலம். அந்தக் குளிரில் உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? இவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக அப்பாவுக்கு விசில் அடித்துக் காட்டணுமாம்.

நீங்கள் அனுப்பிய பெட்டி உடையாமல் வந்தது. முறுக்கிவிட்ட புனல் மாதிரி இருந்த பிளாஸ்டர் உருவத்தைப் பார்த்துவிட்டு, துணி தைக்க வந்த ஒரு அம்மா, இதற்கு எப்படி அளவெடுப்பாய் என்று கேட்டாள். எங்கே தொட்டாலும் ஒரே அளவில் குதிரைச் சேணம்போல வளைந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதன்மேல் இரண்டு நாடாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் தொடங்கி, எந்தப் பக்கமும் திருப்பாமல், சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். அதுதான் அதில் நேர்வழி. கண்காட்சிக்கு வேண்டும், உன் கைக்குத்தான் அது வரும் என்று ஐஸ் வேறு வைத்திருந்தீர்கள்.

ஒட்டினேன். இரண்டும் கடைசிவரை பிரியவே இல்லை. விலகும் என்ற உங்கள் கணக்கு தப்பு என்று எனக்கு ஒரே குஷி. பெட்டியை மூடும்போதுதான் உறைத்தது. பழக்கதோஷத்தில், கழுத்துப்பட்டிக்கு வைக்கிற கிராஸ் பீஸை எடுத்திருக்கிறேன். துணியைக் குறுக்கே வெட்டிய நாடா, இழுத்த இழுப்புக்கு வரும். அது நேராகப் போகவில்லை, என் கை சொன்னபடி போயிருக்கிறது. உரித்துவிட்டு, இழையோடு நேராக வெட்டியதை ஒட்டினேன். கொஞ்ச தூரம் சேர்ந்து போயின. பிறகு விலகிக்கொண்டே போயின. இரண்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடையில் ஆள் இருக்கும்போதே அழுதுவிட்டேன்.

அதே பெட்டியில் விவாகரத்து மனுவும் இருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நம்புகிறேன். நான்கு வருஷமாக நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்து நேராகப் போனீர்கள், நான் என் கடையைப் பார்த்துப் போனேன்.

ஆனால் நாம் நாடா இல்லையே. பள்ளி விடுமுறை முழுக்கக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மகளோடு அங்கே வந்து இருக்க நான் தயார். இத்தனை நாள் வீம்பில் சொல்லவில்லை.

உருவத்தை நேர் நாடாவோடு அனுப்பிவிட்டேன். மனுவில் கையெழுத்துப் போடவில்லை. கோபம் வரும், வரட்டும். ஒரு தடவை நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

இன்றுவரை
உங்கள் மனைவி