பூவரசங்கட்டையும் மீனெண்ணெயும்

22-11-1947, சனி

மோட்டார் சைக்கிளின் ஃபோர்க் இன்னும் ஒழுகுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களில் வலதுபக்கத்துக் குழாயிலிருந்து எண்ணெய் வடிந்து பிரேக் வரைக்கும் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஜெயசெல்வியைப் பின்னால் உட்காரவைத்துச் சாத்தான்குளம் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். பட்டாளத்து வண்டியை ஏலத்தில் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீலை மாற்றக் குழாயைக் கழற்றினேன். மேல்வளையத்தைத் திருகினால் குழாயும் கூடவே சுற்றுகிறது. இரும்பு வைஸில் இறுக்கினால் குழாயில் தழும்பு விழும். ஆகவே பனை வைரத்தில் இரண்டு துண்டு அறுத்து, நடுவில் அரைவட்டமாகக் குடைந்து, நான்கு போல்ட் போட்டுப் பிடிகட்டை ஒன்று செய்தேன். கிட்டங்கியில் துடுப்புக்கும் கப்பிக்கும் தடவுகிற மாதிரி மீனெண்ணெயை ஊற ஊறத் தடவியிருக்கிறேன். பதினைந்து வருஷமாகத் தோணி முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர்கீப்பராக இருப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ன. பார்க்க அம்சமாக இருக்கிறது.

24-11, திங்கள்

வழுக்குகிறது.

25-11, செவ்வாய்

போல்ட்டை மரை போகிறவரை முடுக்கினேன். அப்படியும் வழுக்குகிறது. மரத்தில் கோளாறா, கையில் கோளாறா?

29-11, சனி

சுந்தரராஜ் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜெயசெல்வியின் தங்கை ஜெபகனியின் புருஷன், என் சகலை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். நான் பட்டாளத்து வண்டி வாங்கியதைப் பார்த்துத் தானும் அதேபோல் ஒன்று வாங்கினான். அதற்கு முன் அவன் ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை.

அவனும் ஒரு பிடிகட்டை செய்திருக்கிறான்! பூவரசில். வடிவம் ஒன்றுமில்லை, உளி பட்ட இடமெல்லாம் பிசிறு. குழாயை நடுவில் வைத்து முடுக்கி, வளையத்தில் ஸ்பானரைப் போட்டு ஒரு இழுப்பு. திறந்துகொண்டது. நான் நான்கு நாள் மாரடித்த வேலை.

எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "குங்கிலியத்தப் பொடிச்சுத் தூவியிருக்கேன் அண்ணாச்சி. சும்மா கவ்விப் பிடிக்கும். எண்ணெ மட்டும் படக் கூடாது. பட்டுச்சுன்னா போச்சு." தோணி ஓட்டையடைக்கிற குங்கிலியம். சிலுவை என்கிற தச்சு ஓடாவியிடம் கேட்டு வாங்கினானாம். அந்தச் சிலுவை தினமும் என் கிட்டங்கி வாசலில்தான் உட்கார்ந்து தோணி வேலை பார்க்கிறான். நான் ஒரு நாளும் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது ஜெயசெல்வி சொல்கிறாள், சுந்தரராஜ் தம்பி தொட்டால் எல்லாம் படிந்துவிடுகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2-12, செவ்வாய்

ஜெயசெல்வி கேட்டு அந்தக் கட்டையை இரவல் வாங்கி வந்துவிட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை.

4-12, வியாழன்

மாமாவிடமிருந்து கடிதம். முக்கால்வாசி சுந்தரராஜ் புராணம். அவன் கட்டையைப் பற்றி ஜெபகனி எழுதியிருப்பாள் போல. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து அந்த ஊர் டாக்டர் ஐயாவின் வண்டியையும் பார்த்துக் கொடுக்கட்டும், இப்படி ஒரு மருமகன் கிடைத்தது கர்த்தருடைய கிருபை என்று எழுதியிருக்கிறார். கடைசி வரியில், 'கிருபாநிதியும் சுகம் என்று நம்புகிறேன்.'

மூத்த மருமகன் நான். அந்தக் குடும்பத்தில் முதலில் மோட்டார் சைக்கிள் ஏறியவன் நான். நான் சுகம்தான்.

6-12, சனி

அவன் கட்டையில் வைத்தேன். முதல் திருகிலேயே வளையம் வந்துவிட்டது. புது சீல் போட்டேன், எண்ணெய் ஊற்றினேன். பீச் ரோட்டில் இரண்டு நடை ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கட்டையைத் திருப்பிக் கொடுக்குமுன் நன்றாகத் துடைத்து மீனெண்ணெய் தடவினேன். மரச்சாமானை உலர்ந்தபடி விடுவது என் பழக்கமில்லை. இரவல் வாங்கிய பொருளுக்குச் செய்கிற மரியாதை.

அப்படித்தான்.

13-12, சனி

ஜெபகனி அழுதுகொண்டே வந்தாள். சாத்தான்குளம் போவதற்காகச் சுந்தரராஜ் தன் வண்டியின் இன்னொரு குழாயையும் சரிபார்க்க உட்கார்ந்திருக்கிறான். கட்டைக்குள் குழாய் சுற்றி, ஸ்பானரோடு கை போய்க் கல்தொட்டியில் மோதியிருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. வண்டி ஓட்ட முடியாது, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை என்கிறானாம்.

இதைத்தானே நினைத்தேன்? இல்லை, இதை நினைக்கவில்லை. அவன் கட்டை வழுக்க வேண்டும், அவனும் நாலு நாள் திண்டாட வேண்டும், அவ்வளவுதான். ஐயோ, கையை யார் கேட்டது.

14-12, ஞாயிறு

கோயிலில் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று ஜெயசெல்வியிடம் சொன்னேன்.

20-12, சனி

போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி. இடது கையால் அந்தக் குழாயை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதியில் கிடந்த வேலை. நான் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்து, கட்டையை எண்ணெய் போகச் சவுக்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, குங்கிலியம் தூவினேன். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கட்டையில மீனெண்ணெ வாசம் அடிச்சுது அண்ணாச்சி. நீங்க பழக்கத்துல தடவியிருப்பீங்கன்னு நினைச்சு நானும் துடைச்சேன். சரியாத் துடைக்கல போல."

அப்படியே விட்டிருக்கலாம். நான் தப்பித்துக்கொள்ள அவனே கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"பழக்கத்துல தடவல தம்பி. தெரிஞ்சுதான் தடவினேன்."

ஜெபகனி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் இடது கையால் குழாயைக் கட்டைக்குள் எடுத்து வைத்தான். பிறகு, "நல்லா முடுக்குங்க. இந்தத் தடவ சுத்தக் கூடாது" என்றான். முடுக்கினேன். சுற்றவில்லை.

25-12, வியாழன். சாத்தான்குளம்

ஜெயசெல்வியையும் ஜெபகனியையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அவனை என் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். பிடிகட்டை அவன் மடியில் இருந்தது. குழிகளில் வண்டி தூக்கிப்போட்டபோதெல்லாம் இடது கையால் என் தோளைப் பிடித்தான்.

கை எப்படி முறிந்தது என்று மாமா கேட்டார். "என் அசட்டை மாமா, ஸ்பானர் நழுவிட்டு" என்றான். டாக்டர் ஐயா வண்டியை அண்ணாச்சி பார்ப்பாங்க, தன்னைவிட அவங்க கைதான் சுத்தம் என்றும் சொன்னான். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு வருஷமாக நான் காத்துக்கிடந்த தலையாட்டல்.

பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வேண்டாம். மன்னிப்பதிலும் அவனே முந்திக்கொண்டான், அதுவும் உறுத்துகிறது.

மத்தியானம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இடது கையால் அவனுக்குச் சாப்பிட வரவில்லை. கறியிலிருந்து எலும்பையெல்லாம் நீக்கி, சதையை மட்டும் அவன் இலையில் வைத்துக்கொண்டே இருந்தேன். போதும் என்றான். நான் நிறுத்தவில்லை.