யாரால்

அன்புள்ள அக்காவுக்கு,

பேரன் உன் மூக்கோடு பிறந்திருக்கிறானாம். அத்தான் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதில் எனக்கு நிம்மதி. இரவெல்லாம் அழுகிறான் என்று அலுத்துக்கொண்டாயாம். அழட்டும் அக்கா, சத்தமாக அழுகிற பிள்ளை நல்ல பிள்ளை. நீயும் கொஞ்சம் தூங்கு. உன் மகளைக் கவனிக்கிறேன் பேர்வழி என்று உன் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கத்து விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ஒரு சுவர் விழுந்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை என்று அத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்? ஆனால் பேப்பரில் வந்துவிட்டது. அரைகுறையாக யாரிடமோ கேட்பதைவிட என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

விழுந்தது பின்பக்கத்துச் சுற்றுச்சுவர். பள்ளி விடும் நேரம், நல்ல மழை. முன்வாசலில் கல் பதிக்கும் வேலை நடந்ததால் சைக்கிள் நிறுத்தும் இடம் பின்பக்கம் மாற்றப்பட்டிருந்தது. சைக்கிள் எடுக்கப் போன பிள்ளைகள்மேல் விழுந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இரண்டு காலும் நொறுங்கிவிட்டது. என் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி போய்விட்டாள்.

உனக்கும் அவளைத் தெரியும். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்து, வாசலில் நின்றே உன்னிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போனாளே, அவள்தான். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "யாராவது அந்த ரேடியோவை அணைங்கப்பா" என்று நான் சொன்னால், தன் காதைத் தானே திருகி, வாயால் டொக்கென்று ஒரு சத்தம் போட்டு உட்காருவாள். அடுத்த நிமிடம் மறுபடியும் ஆரம்பித்துவிடுவாள்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்கள் வருவதற்குள் அவரே கையால் செங்கல்லை அள்ளி வீசினார். அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் ரோடு வரைக்கும் ஓடினார். நகமெல்லாம் பிய்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையை நானே துவைத்துப் பார்த்தேன். போகவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். நீ தேடாதே.

தலைமை ஆசிரியர் என்பதால் அத்தானிடம் நிர்வாகம் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை கேட்டது. "எனக்குக் கை ஓடல, நீயே எழுதிடு" என்றார். எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இந்த மாதம் நான் வகுப்பில் நடத்துகிற பாடமே செயப்பாட்டு வினைதான், பேசிவ் வாய்ஸ். அறிக்கை முழுக்க அதிலேயே போய்விட்டது. சைக்கிள் ஸ்டாண்டு மாற்றப்பட்டிருந்தது, மாணவர்கள் அங்கே நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள், இந்த ரீதியில். அத்தான் படித்துவிட்டு, "அப்பாடா, யார் பேரும் இல்லாம எழுதிட்ட" என்று பெருமூச்சு விட்டார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம் பார்.

நீ கவலைப்படாதே. அத்தான் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். குட்டிப்பயலுக்கு என் முத்தம்.

உன் தங்கை

*

அன்புள்ள அக்கா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். நேற்று மாப்பிள்ளை எடுத்து, "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க" என்றார். சித்தி என்றுகூடச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

முன்பு எழுதிய கடிதத்தில் உன்னிடமும் அறிக்கை வாசித்துவிட்டேன். இப்போது நேராகச் சொல்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டைப் பின்பக்கம் மாற்றச் சொன்னது அத்தான். நிர்வாகத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், முன்வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மாற்றினார். அதற்கு முன்னாலேயே விளையாட்டு வாத்தியார் அத்தான் அறைக்கு வந்து, "பின் சுவர் சாயுது சார், விரிசல்ல விரலே போகுது" என்று சொன்னார். "லீவுல பாத்துக்கலாம், முதல்ல இவங்க வந்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தான். வினாத்தாளில் கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். காதால் கேட்டேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நிற்கிற சுவர் நிற்கும் என்று நினைத்தார்.

ரேடியோவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், கையெல்லாம் சூடு பட்ட தழும்பு. அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டும்படி அத்தான் கிளார்க்கிடம் சொன்னார். மாற்றப்பட்டிருந்தது என்று அவர் படித்ததும், "யாருங்க மாத்தினது?" என்று கேட்டாள். கிளார்க் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஜன்னலைப் பார்த்தார். கிளார்க் அதே வரியை இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாகப் படித்தார். செவிடிக்குச் சொல்வதுபோல.

"மாற்றப்பட்டதுன்னா? அந்த ஸ்டாண்டு தானா நகர்ந்து போச்சா?" என்றாள். சத்தம் போடவில்லை அக்கா. "நான் சண்டைக்கு வரல. யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதும். படுத்தா அதேதான் ஓடுது" என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மகளின் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பேரே இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நிர்வாகம் கேட்கிறதாம். "மூணே வார்த்தை சேர்த்துடு" என்றார். ஸ்டாண்டு மாற்றப்பட்டிருந்தது என்கிற வரிக்குப் பின்னால், பை தி வாட்ச்மேன். வாட்ச்மேனால். அவ்வளவுதான்.

அவர் அழுதார் அக்கா. "அவனுக்கு வயசாயிடுச்சு, விட்டுடுவாங்க. எனக்கு அப்படி இல்ல. இப்பதான் பேரன் பொறந்திருக்கான். உன் அக்கா முகத்தை நினைச்சுப் பாரு" என்றார். அப்பா போன பிறகு என்னைக் கல்லூரியில் சேர்க்க வரிசையில் நின்றவர், என் கல்யாணம் முறிந்து வந்தபோது ஒரு வார்த்தை குத்திக் காட்டாதவர், எனக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். நாளைக்குப் பார்க்கலாம் அத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

நாளைக்கு என்று ஒன்று வரவில்லை. மறுநாள் நான் போவதற்குள் கிளார்க் அந்த மூன்று வார்த்தையைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். மற்றதெல்லாம் என் வாக்கியம், கீழே என் கையெழுத்து. மத்தியானம் போலீஸ் வந்து வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு போனது. என்னமோ பேப்பரில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தலையை வாரிக்கொண்டு போனார். அவர் மனைவி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும், "அவர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டாள்.

பேர் போடாமல் காலியாக விட்டால் யாருக்கும் கேடில்லை என்று நான் நம்பினேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் பலமுள்ளவன் பலமில்லாதவனைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிடுவான் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தி என்ன பிரயோஜனம்?

வகுப்புக்குப் போகாமலும் முடியாது. பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். பூனை எலியைத் தின்றது. எலியை முன்னால் கொண்டு வா, வினைக்கு முன்னால் வாஸ் போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, பூனையைக் கடைசியில் பை போட்டு உட்கார வை. பூனை யார் என்று தெரியாவிட்டாலோ, சொல்லத் தேவையில்லை என்றாலோ பையோடு சேர்த்து எடுத்துவிடலாம். வருஷா வருஷம் சொல்கிறதுதான். தமிழில் இப்படி நாம் பேசுவதே இல்லையே டீச்சர் என்றான் ஒருவன். நோட்டீஸ் பலகையில் மட்டும்தான் இருக்கு என்றேன். அந்நியர் உள்ளே வர அனுமதிக்கப்படமாட்டார்கள். சிரித்தார்கள். இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்கள்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண் எழுந்தாள். அதிகம் வாய் திறக்காத பிள்ளை, இரண்டு பேருக்கும் சேர்த்து ரேடியோவே பேசிவிடுவாள். "டீச்சர், ஷீ டைடு என்கிறதை மாத்த முடியுமா?" என்று கேட்டாள். முடியாதும்மா, அதில் செயப்படுபொருள் இல்லை, முன்னால் கொண்டு வர ஒன்றுமில்லை, சுவர் விழுந்தது என்பதையும் அப்படித்தான் மாற்ற முடியாது என்றேன். இலக்கணப்படி சரியான பதில். அவள் உட்காரவில்லை. "அப்ப ஷீ வாஸ் கில்டு, அவள் கொல்லப்பட்டாள்? அது பேசிவ்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுல பை வரணுமா, விட்டுடலாமா டீச்சர்?"

வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. சாக்பீஸ் என் கையில் இருந்தது. தெரிந்தால் போட வேண்டும் என்று சொன்னேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

விசாரணைக்கு வந்த அதிகாரி என் வயதுப் பெண். அறிக்கையை மேசையில் வைத்து, நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார். மூன்று வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் நான் எழுதியது என்றேன். அந்த மூன்று வார்த்தை உண்மையா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் யார்? அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொல்வது கோழைத்தனம் என்று தோன்றியது. அவரைப் பார்த்தே சொன்னேன். தலைமை ஆசிரியர் மாற்றச் சொன்னார், சுவர் சாய்கிறது என்று தெரிந்தும் சொன்னார், நான் அங்கே இருந்தேன். அதிகாரி விளையாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டார். தனக்கு எதுவும் நினைவில்லை என்றார் அவர். வெளியே வந்து, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு டீச்சர்" என்றார். நான் கோபப்படவில்லை. என்னிடம் மிச்சமில்லை.

அத்தான் என்னைத் திட்டவில்லை. "சரி, சொல்லிட்ட" என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்று சாயங்காலமே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வீட்டுக்குப் போய் ஜாமீனுக்கு வக்கீலைத் தேடினேன். இதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், இல்லையென்றால் காறித் துப்பத் தோன்றும். ஆனாலும் நான்தான் தேடினேன். இப்போது வெளியே வந்துவிட்டார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வழக்கு நடக்கும்.

வாட்ச்மேனை விட்டுவிட்டார்கள். வலது கை வீங்கியிருக்கிறது, மடக்க முடியவில்லை. நான் போய்ப் பார்த்தேன். "உங்க மேல வருத்தமில்லம்மா" என்றார். அவர் மனைவி உள்ளேயே இருந்துகொண்டாள், வெளியே வரவில்லை.

ரேடியோவின் அம்மாவையும் பார்த்துச் சொன்னேன். நான் நன்றி எதிர்பார்த்துப் போகவில்லை. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அன்னைக்கு நீங்களும் அங்கதானே நின்னீங்க, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் வேலையை விட்டுவிட்டேன் அக்கா. வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன், கிடைக்கும்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் பாத்திரத்தில் போட்டு வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு வருகிறேன். சில நாள் எடுக்கிறார், சில நாள் அப்படியே இருக்கிறது. நேற்று மாலை விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போக உரிமை இல்லை. உனக்கு இருக்கிறது. பிள்ளையை உன் மகள் சமாளித்துக்கொள்வாள். நீ புறப்பட்டு வந்துவிடு. அவரைத் தனியாக விடாதே. அவர் பேரை நான் சொன்னதால் அவர் எனக்கு யாரோ ஆகிவிடவில்லை.

எந்த ரயில் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருவேன். எழுதாவிட்டாலும் விசாரித்துக்கொண்டு வருவேன். நீ என்னிடம் பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். உன் முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறாதே. பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

உன் தங்கை