கைக்குள் கொண்டுவந்த அப்பம்

காட்டூர், திருச்சி
10.11.2025

அன்புள்ள கேத்தரினுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் கணவர் பீமராவும் புனேயில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பா இன்னாசிராஜ் சார் வீட்டு மாடியில் மூன்று வருஷமாகக் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். ஸ்கூலில் கணக்கு டீச்சர். எதையும் துருவித் துருவிக் கேட்பது என் பிறவிக் குணம். அந்தக் குணம்தான் என்னை இந்தக் கடிதத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். சாருக்கு இதயத்தில் அடைப்பு. வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துச் சொன்னார்.

வண்டி ஓட்டக்கூடாது என்று ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என் ஸ்கூட்டரில்தான் வருகிறார். நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பெருமாள் கோயில் வழக்கம் தவிர வேறு எதுவும் தெரியாது. கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பேன். எப்போது எழுந்து நிற்பார்கள், எப்போது முட்டி போடுவார்கள் என்று இப்போது எனக்கே மனப்பாடம்.

ஒன்றுதான் புரியவில்லை. நன்மை என்று சொல்லும் அந்தச் சின்ன அப்பத்தை வாங்க எல்லாரும் வரிசையில் போவார்கள். சார் மட்டும் அசையமாட்டார். முதலில் சர்க்கரை வியாதியோ என்று நினைத்தேன். வெறும் கோதுமை மாவும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது என்று உபதேசியார் கிளமென்ட் சொன்னார். அப்படியானால் மூட்டுவலிதான் காரணம், பாவம், அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்று நானாக முடிவு கட்டினேன்.

போன வாரம் நான் செய்ததைப் படித்துச் சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் சன்னதிவரை வரமுடியாதவர்களுக்கு நாம் வரிசையில் நின்று பிரசாதம் வாங்கிவந்து கொடுப்பது வழக்கம். அதே நினைப்பில் எழுந்துபோய் நின்றுவிட்டேன். முன்னால் நின்ற அம்மாள் செய்ததைப் பார்த்துக் கையை நீட்டினேன், ஆமென் என்றேன். அப்பம் கைக்கு வந்தது. பத்திரமாகப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று திரும்பினேன். கிளமென்ட் பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, நில்லுங்க, அதை எடுத்துட்டுப் போகக்கூடாதுங்க" என்றார். "எனக்கில்லைங்க, சாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாரிடம் நீட்டினேன்.

சாரின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கினார். வாயில் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, பீடம்வரைக்கும் நடந்தார். ரெஜிஸ் ஃபாதரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். பந்தியில் உட்கார்ந்தவர் இலையைத் தொடாமல் எழுந்து வந்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க. ஆனா எங்களுக்கு இது பிரசாதம் இல்லைம்மா, ஆண்டவரே இதுதான்" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? இத்தனூண்டு அப்பத்துக்குள்ளேயா என்று கேட்டுவிட்டேன். "நானும் இருபது வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் சார் மாடிக்கு வந்தார். உங்கள் அம்மா போனதிலிருந்து அவருக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்களோடுதான் உட்காருவார். அன்று பாக்ஸைத் திறக்காமலே சொன்னார். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நீங்களும் பீமராவும் வந்து நின்றபோது, உங்கள் கல்யாணத்தின் மேலிருந்த கோபத்தில் வீட்டுக் கேட்டைப் பூட்டினாராம். பூட்டிவிட்டு அதே பூசைக்குப் போனாராம். "பூசையில சமாதானம் சொல்லி நாலு பக்கமும் கும்பிட்டேன். பெத்த பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. எந்த வாயில நன்மை வாங்குறது?" என்றார். ஆறு வருஷம் ஆகிறது, கேத்தரின். ஒரு ஞாயிறுகூடப் பூசையை விட்டதில்லை, ஒரு ஞாயிறுகூட நன்மை வாங்கியதுமில்லை.

மனஸ்தாபப்பட்டுத் தன்னிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்று ஃபாதரும் சொல்லிப் பார்த்தார். "தப்பு பண்ணினது அவளுக்கு. அவகிட்ட கேக்காம உங்ககிட்ட கேட்டா எப்படிங்க ஃபாதர்?" என்கிறார் இவர். சரி, போனில் கேளுங்கள் என்றால் அதற்கும் தைரியமில்லை. ஆபரேஷன் என்று சொல்லி வரவழைத்தால் அது மன்னிப்பில்லையாம், பரிதாபமாம். உங்களுக்குப் போன் பண்ணமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலாசம், வருஷம் தவறாமல் நீங்கள் அனுப்பும் கிறிஸ்துமஸ் கார்டில் இருந்தது. ஆறு கார்டும் அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கேட்டைச் சாத்தியவரை மன்னியுங்கள் என்று சொல்ல நான் யார்? அன்று வெளியில் நின்றது நீங்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தெரிந்ததை மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ரெஜிஸ் ஃபாதர் நன்மையோடு வீட்டுக்கு வருகிறார். வேண்டாம் என்று சார் சொல்லியும், வந்து உட்கார்ந்துவிட்டாவது போகிறேன் என்றிருக்கிறார். சாரின் போன் நம்பர் பழைய நம்பர்தான். நீங்கள் கூப்பிட்டால் கிடைக்கவேண்டும் என்றுதான் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். அன்று அதைச் சார்ஜ் போட்டு அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பேன். எடுத்தால் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமுவார், பேச்சு வராது. வைத்துவிடாதீர்கள்.

நீங்களும் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். எங்கள் ரங்கநாதரிடமும் சொல்லியிருக்கிறேன், சாரின் ஆண்டவரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் கொண்டுபோய் நீட்டியதை அவரால் வாங்க முடியவில்லை. நீங்கள் "அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாடியிலிருந்து,
விஜயராணி