பட்டுத்தொண்டையை இறக்கிய ஞாயிறு

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே குஷன் கடையும் வீடும் ஒருவாறு ஓடுகின்றன. நான் பேனா பிடித்திருக்கிறேன் என்றால் விஷயம் பெரிசு என்று புரிந்துகொள். பள்ளிக்கூடத்துக்கு நான் படிக்கப் போனதைவிட, ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குக் குஷன் தைக்கப் போனதுதான் அதிகம். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. போனில் சொல்லலாம் என்றால் துரை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

உன் கோபம் எனக்கு வந்து சேர்ந்தது. அக்கா போனில் "ம், ம்" என்கிறாள், பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுகிறாள், அதனால் இந்த லீவுக்கு இங்கே வராமல் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்று நம் பக்கத்துக் கடைப் பல் டாக்டரிடம் சொன்னாயாமே. ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாய். அந்த மனிதர் அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதைவிடத் தன் வாயைத் திறப்பதில்தான் கெட்டிக்காரர்.

அவளுக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை மச்சான். அவளுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், எழுதிவிட்டேன். நீ எதற்கும் சாட்சி கேட்கிற ஆள். அதனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி இன்னும் நடக்கிறது. பழுது பார்த்து முடிந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடகர்களில் பெரிய ஆள் யார் என்று இசைத்தட்டு உறைகளை ஒவ்வொன்றாக உட்கார வைக்கிற அதே கூத்துதான். முதல் நாற்காலி பெரிய ஆளுக்கு. ஒருவரை ஏற்ற வேண்டுமென்றால் ஒருவரை இறக்கியாக வேண்டும், இறக்குகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். பஸ் டிரைவர் வழக்கம்போல் உன் கட்சி. பியானோவில் உட்கார்ந்து தலையாட்டுகிற கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் அவருக்கு ராஜா. பல் டாக்டர், வியர்க்க விறுவிறுக்க ஆடுகிறவருக்காக எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றி, தைத்து வைத்த மெத்தையின் மேலேயே விழுந்தார். அந்த இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையாது என்று உனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் பாதிரியார் மகள்தான். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் மாடி ஏறி, கூரை ஏறி, அங்கிருந்து நம்மைப் பார்த்து, வா என்று கூப்பிடுவாரே! நல்ல ஸ்பாஞ்சு மாதிரிக் குரல். எவ்வளவு அமுக்கினாலும் எழும்பும்.

உன் அக்காவுக்கு யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுத்தொண்டை. பெண் குரலைவிட மேலே போய், ஊசிமுனை மாதிரி நிற்பாரே, அவர். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்துக்கூட அவள் அப்படிக் கண் கிறங்கியதில்லை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள். நானும் கூர்ந்து கேட்பேன், மிஷின் சத்தம்தான் கேட்கும். அப்படி ஒரு காது. அவர் உறையை முதல் நாற்காலியிலிருந்து அசைக்க நீயும் எத்தனை வருஷம் முட்டி மோதினாய்!

போன ஞாயிறு அவளே எழுந்தாள். பட்டுத்தொண்டையின் உறையைத் தூக்கிக் கீழே வைத்தாள். அங்கே உன் கறுப்புக் கண்ணாடிக்காரரை உட்கார வைத்தாள். பஸ் டிரைவர் விசில் அடித்து, "அக்கா நம்ம கட்சிக்கு வந்துட்டாங்க, யாராவது மாலை வாங்கிட்டு வாங்க" என்று குதித்தார். பல் டாக்டர் காரணம் கேட்டார். அவள், "இவரு பாதிப் பாட்டுல வாயை மூடிக்கிறாருங்க. மேளம் மட்டும் தனியா ஓடுது. பாடுறவரு பாடணும்ல?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அதைச் சொன்ன நேரத்தில் பட்டுத்தொண்டையின் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது மச்சான். அவர் வாயை மூடவில்லை. உச்சியில் நின்று பாடிக்கொண்டிருந்தார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் வேண்டுமென்றே அதே தட்டைப் போட்டுவிட்டு அவளையே பார்த்தேன். கீழ்க்குரலில் பாடும்போது தலை ஆடுகிறது. மேலே போனதும், பாட்டு முடிந்தது என்று நூல் கோக்கக் குனிந்துவிடுகிறாள். கண் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லிக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாசல் பலகையைப் படித்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு, அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. டாக்டரம்மா சொன்னது இது: மெல்லிய, உயரமான சத்தங்கள் முதலில் போகும், தடித்த குரல் கடைசியில் போகும், போனில் வருவது பிடிபடாது. இப்போதே காதில் மிஷின் மாட்டினால் பெரும்பாலும் கேட்கும், தள்ளிப்போட்டால் அப்புறம் பழகுவது கஷ்டம்.

உன் குரலை நினைத்துப் பார். கோபித்துக்கொள்ளாதே, நீயும் கீச்சுக்குரல்தானே. அது போனில் போனால் அவளுக்கு என்ன கேட்கும்? நீ மூச்சு விடுகிற இடம் பார்த்து ஒரு "ம்" போடுகிறாள். தப்பான இடத்தில் "ம்" விழுந்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து வைத்துவிடுகிறாள். வைத்த பிறகு என்னிடம் வந்து, "தம்பி நல்லா இருக்கானாம்" என்பாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டால், "அதான் நல்லா இருக்கானாம்ல" என்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

காது மிஷின் மாட்டச் சொன்னால், "காதுலயும் குஷன் வேலை ஆரம்பிச்சிட்டீங்களா" என்று என்னையே கிண்டல் செய்கிறாள். கிண்டலில் எனக்கே குரு அவள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வேறு கட்டளை. வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாயாம். அதனால் இதைப் பல் டாக்டரின் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிற அம்மாள் என் முகத்தைப் பார்த்து, கடைவாய்ப் பல்லா என்று பரிதாபமாகக் கேட்கிறார். ஆமாம் என்றுவிட்டேன்.

மச்சான், நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? ஆனால் வாதத்தில் உன்னிடம் தோற்பதை மட்டும் அவளால் தாங்க முடியாது. உன் ஆளுக்கு இப்போது முதல் நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த வெற்றி வேண்டாம் என்று நீயே வந்து சொல். மிஷினை மாட்டிக்கொண்டு அந்தப் பட்டுத்தொண்டை மனுஷனை ஒரு தடவை முழுசாகக் கேள், அப்புறம் அவரை இறக்கு, அதுதான் நியாயம் என்று சண்டை போடு. நியாயம் என்று வந்தால் அவள் மறுக்க மாட்டாள். நான் ஓரமாக உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருப்பேன்.

சிநேகிதன் வீட்டுக்கு அடுத்த லீவில் போ. அவனுக்குக் காது நன்றாகத்தானே இருக்கிறது.

நீ நல்ல உடம்போடு, நல்ல சாப்பாட்டோடு, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். வருகிற அன்று வாசலில் நின்று அக்கா என்று கூப்பிடாதே. அவள் திரும்பவில்லை என்றால் உனக்கும் தாங்காது, எனக்கும் தாங்காது. பேசாமல் உள்ளே வந்து அவள் கண்ணுக்கு முன்னால் நில்.

உன்னை எதிர்பார்க்கும்
அத்தான்