கம்ப்யூட்டருக்குச் சொன்ன பேர்

தை 6

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் செம்மொழி தஞ்சாவூரிலிருந்து வந்தபோது போனில் ஒரு வழி வைத்துக் கொடுத்தாள். நான் பேசினால் எழுத்தாக விழுமாம். விழுகிறதா இல்லையா, யார் கண்டது? அடுத்த முறை வந்து படித்து அவள் சிரித்தால்தான் உண்டு.

தை 8

செம்மொழியோடு பூதலூர் போனேன். கொள்முதலுக்கு நெல் போட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் பதிந்து தேதி வாங்க வேண்டும். ஸ்டேஷன் ரோட்டில் சுமையா என்கிற சின்னப் பெண்ணின் கம்ப்யூட்டர் கடை. மகள்தான் உட்கார்ந்து தட்டினாள்.

"மறக்கவே மறக்காத ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. வெளியாளுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு எது மறந்திருக்கிறது? எழுபத்தேழு புயலில் எங்கள் தெருவில் விழுந்த மரங்களை இன்னும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் யாருக்கும் தெரியாத வார்த்தை?

ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதும் போய்விடக் கூடாது என்று, எமனே முகத்தைச் சுளிக்கிற மாதிரி ஒரு பேரை அம்மா எனக்கு வைத்தாள். வைரக்கண்ணு என்பதெல்லாம் பின்னால் வந்தது. அம்மாவோடு அந்தப் பேரும் போயிற்று. இப்போது அது தெரிந்தது என் பெண்டாட்டி காத்தாயிக்கு மட்டும். அவள் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். இதைவிடப் பத்திரமான இடம் எங்கே கிடைக்கும்?

மகள் காதில் சொன்னேன். தட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிற்று. சுமையா நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

'சேமித்து வைக்கவா' என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். வேண்டாம் என்றாள் செம்மொழி. "பத்துப் பேர் கை வைக்கிற மிஷின்ப்பா."

"வை. ஒவ்வொரு தடவையும் கடைக்கு நடுவுல நின்னு அந்தப் பேரச் சொல்லச் சொல்றியா?"

வைத்துவிட்டாள். தேதி தை 18. எந்தப் பேரை வைத்தேன் என்று வீட்டுக்கு வந்து காத்தாயியிடமும் சொன்னேன்.

தை 12

நெல்லைக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டியாயிற்று. தார்ப்பாய் போட்டு மூடி, நானும் காத்தாயியும் மாறி மாறிக் காவல். பக்கத்து வயல்காரன் பகலவனுக்கு இன்னும் அறுப்பு மிஷினே வரவில்லை.

தை 15

பாவி! பாவிப்பய!

பகலவன் சுமையா கடைக்குப் போயிருக்கிறான். சுமையா தொழுகைக்கு எழுந்திருந்த நேரம். தனக்குத் தெரியாததா என்று அவனே உட்கார்ந்துவிட்டான். பக்கத்தைத் திறந்தால் கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தனவாம். கம்ப்யூட்டருக்கு நம்மை அடையாளம் தெரிகிறது போல என்று அமுக்கியிருக்கிறான். அறுப்பு மிஷின் வராததால், தன் தேதி என்று நினைத்துத் தள்ளி வைத்தான். தள்ளிப்போனது என் தேதி! தை 18 போய், மாசிக்குப் போய்விட்டது.

"பேரப் பாக்க மாட்டியா மாப்ள?"

"கண்ணாடி போடல மச்சான். ஆமா, ஒனக்குத்தான் பாஸ்வேர்டு மனசுலயே நிக்குமே, அப்பறம் எதுக்கு மிஷின்ல வச்ச?"

எனக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. கூனிக்குறுகி நின்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சேமித்ததைச் சுமையா அழித்துவிட்டது. "இனிமே நீங்க வந்து சொன்னாத்தான் தாத்தா." யார் தேதியாவது காலியானால் ஆள் அனுப்புகிறேன் என்றும் சொல்லியிருக்கிறது.

தை 19

மானம் மூட்டமாக இருக்கிறது. நனைந்தால் முளைத்துவிடும். ஆறு மாத உழைப்பு.

தை 20

நாளைக்குத் தஞ்சாவூரில் கண் ஆபரேஷன். இந்தத் தேதியை விட்டால் எப்போது கிடைக்குமோ. செம்மொழி கூட வருகிறாள். காத்தாயி களத்தில் இருப்பாள். போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "கண்ணத் தொறந்துட்டு வாங்க, நெல்ல நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

தை 22

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு கண்ணில் கட்டு. வாய்க்குக் கட்டு இல்லை, அதனால் பேசுகிறேன்.

நேற்று நான் ஆபரேஷனுக்குள் இருந்த நேரத்தில் மறுநாள் தேதி ஒன்று காலியாகியிருக்கிறது. சுமையா ஆள் அனுப்பியது. உடனே உள்ளே போய் மாற்றாவிட்டால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். என் போனும் மகள் போனும் வார்டுக்காக அணைத்துக் கிடந்தன. காத்தாயியே கடைக்குப் போயிருக்கிறாள். நடந்ததைக் கூடப் போயிருந்த பகலவன் வந்து சொன்னான்.

"சுமையா, 'பாஸ்வேர்டு தெரியுமா பாட்டி?'ன்னுச்சு. 'தெரியும்'னுச்சு தங்கச்சி. 'அப்ப சொல்லுங்க.' 'சொல்லக் கூடாது.' எல்லாரும் முழிக்கிறோம். நான் சும்மா இருக்காம, 'மழ வருது, சொல்லு தாயி'ன்னுட்டேன். பாத்துச்சு பாரு ஒரு பார்வ! 'எல்லாம் வெளிய போங்க. நீயுந்தான்.' ஜெராக்ஸ் எடுக்க வந்தவரு பாதித் தாள அப்படியே விட்டுட்டு ஓடுனாரு மச்சான். ஷட்டரப் பாதி எறக்கிடுச்சு."

உள்ளே நடந்ததைச் சுமையா போனில் சொன்னது. காத்தாயி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரே ஒரு தடவை சொன்னாளாம். சுமையாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்க மனசு வரவில்லையாம். காதில் விழுந்த வரைக்கும் தட்டிப் பார்த்தது, திறந்துவிட்டது.

நான் அந்தப் பேரை வைக்கும்போது இதை ஏன் யோசிக்கவில்லை? பூட்டைப் போட்டுவிட்டு, அவள் கையால் தொடவே முடியாத இடத்தில் சாவியை வைத்தேனே.

இன்று மத்தியானம் நெல் முழுக்கக் கொள்முதலில் ஏறிவிட்டது.

தை 23

விடியலில் மழை. நல்ல மழை. நானும் காத்தாயியும் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தை 27

கட்டு அவிழ்த்தார்கள். காத்தாயி இத்தனை வெள்ளையாக நரைத்திருக்கிறாளா!

இன்றுதான் இன்னொரு சேதியும் தெரிந்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டு வந்திருக்கிறாள். ஏன் என்றேன்.

"ஒங்கம்மா ஆசயா வச்ச பேரு. கடையில கெடக்க வேணாம்."

"சரி, புதுசு என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"ஏண்டி, என் நெல்லு!"

"நீங்க பேசுறதெல்லாம் அந்தப் போன்ல எழுத்தா விழுதுல்ல? போங்க."

இனி பூதலூர் போவதென்றால் இவளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சுவரைப் பார்த்து நிற்பது என் முறை.

மாசி 3

அந்தியில் வாய்க்கால் கரையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெதுவாகத்தான். அம்மா போன பிறகு அந்தப் பேருக்கு நான் திரும்பியதே இல்லை.

திரும்பினேன். காத்தாயி நின்றிருந்தாள். சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"கொழம்பு ஆறுது" என்றாள்.